கவனக்குறைவும் கடமைத் துரோகமும்

வழக்கில் தோற்றவர் நாளடைவில் மனம் ஆறிவிடலாம். ஆனால், தம் வக்கீல் உரிய காலத்தில் அப்பீல் மனுவைத் தாக்கல் செய்யாததால் தம் நியாயம் நீதிபதியின் செவிக்கே எட்டவில்லை என்று அறிபவர் எளிதில் ஆறுவதில்லை. அத்தகைய வக்கீலைத் தண்டிப்பவர் யார்? எந்தத் தவறு தண்டனைக்கு உரியது?

முதற்கேள்விக்குச் சட்டம் படிப்படியாக விடை கண்டது. 1879ஆம் ஆண்டுச் சட்டம் பிளீடர்களைத் தண்டிக்கும் அதிகாரத்தை உயர்நீதிமன்றங்களுக்கு அளித்தது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் பார் கவுன்சில்கள் தோன்றின. எனினும் இறுதி முடிவு உயர்நீதிமன்றத்தினுடையதாகவே இருந்தது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டமோ அப்பொறுப்பை வழக்கறிஞர்களிடமே ஒப்படைத்தது. மாநில பார் கவுன்சிலின் மூவர் குழு, குற்றம் செய்தவரைக் கண்டிக்கலாம். சிலகாலம் தொழில் செய்யாது தடுக்கலாம். பெயரையே பட்டியலிலிருந்து நீக்கலாம். அம்முடிவின்மீது இந்திய பார் கவுன்சிலுக்கும், பின்னர் உச்சநீதிமன்றத்துக்கும் முறையிடலாம்.

இரண்டாம் கேள்வியே கடினமானது. ‘தொழில்முறைத் தவறு’ எது என்பதற்குச் சட்டம் இலக்கணம் வகுக்கவில்லை. 1920களில் சென்னை உயர்நீதிமன்றத்துத் தலைமை நீதிபதி கூட்ஸ் டிராட்டர், வெறும் கவனக்குறைவு அக்குற்றம் ஆகாது. அதனுடன் ஒழுக்கக்கேடும் சேரவேண்டும் என்று வரம்பு கட்டினார். 1963இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கஜேந்திரகட்கர் அவ்வரம்பை ஏற்றார். ஆயினும் ஒழுக்கக்கேடு என்பதைக் குறுகிய பொருளில் கொள்ளலாகாது என்றும், கட்சிக்காரரின் நலனை வேண்டுமென்றே, ஈவிரக்கமின்றி அலட்சியம் செய்வதும் வழக்கறிஞருக்கு அடாத செயலாகக் கருதப்படலாம் என்றும் விளக்கினார்.

இவ்வரம்பு வக்கீலுக்குக் கேடயம். சென்னை நகர அரசு வழக்கறிஞர் ஒருவரின் அசட்டையால் அரசுத் தரப்பு வாதமின்றியே அரசுக்கு எதிராகத் தீர்ப்புகள் பிறந்தன. அசட்டை இருந்தும் ஒழுக்கக்கேடு இல்லை என்று கூறி, அவருக்கு விதிக்கப்பட்ட கண்டனத்தை 1997இல் உச்சநீதிமன்றம் நீக்கியது.

கட்சிக்காரரின் கதி என்ன? வக்கீல் வராமற்போன குற்றத்துக்காக ஏதுமறியாத கட்சிக்காரர் துன்புறலாகாது என்று 1981இல் உச்சநீதிமன்றம் கூறி, தள்ளுபடியான அப்பீலுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. ஆனால், வக்கீலின் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்காது என்று 2024இல் அதே நீதிமன்றம் முடிவு செய்தது. எனவே, பார் கவுன்சிலின் பொறுப்பு இன்னும் கனத்துள்ளது.

அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். வழக்கு எங்கு நடப்பினும், புகார் செல்லவேண்டிய இடம் அந்த வக்கீலின் பெயர் பதிவாகியுள்ள மாநில பார் கவுன்சிலே. பிழை மனித இயல்பு, அதைப் பொறுக்கலாம். நம்பி வந்தவரைக் கைவிடுவது பிழையன்று, துரோகம். இவ்விரண்டையும் பிரித்தறியும் நேர்மையில்தான் வழக்கறிஞர் தொழிலின் மானம் நிலைபெற்றிருக்கிறது.