சதுரகிரிக்குத் தனியா ஓடி ஏறலாமா? சமவெளி ஓட்டக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தினமும் 10 கி.மீ. ஓடுறவரா நீங்க? அந்த தைரியத்துல தனியா மலையேறக் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

பாதை எப்படி இருக்கும்?

சதுரகிரி சுந்தர மகாலிங்கம் கோயிலுக்கு, வத்திராயிருப்பு அருகே உள்ள தாணிப்பாறைதான் அடிவாரம். ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு இது. வழியில் வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை எனப் பெயர்களே பாதையின் லட்சணத்தைச் சொல்லிவிடும். ஏறும் நாள், நேரம் எல்லாம் வனத்துறை கட்டுப்பாட்டில்தான்.

ஓடிப் பழகிய கால் போதாதா?

போதாது. ஏற்றத்தில் இதயத்துடிப்பு வேகமாக எகிறும். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசைதான் பிரேக் போடும். சமதளத்தில் அந்தப் பழக்கம் கிடைக்காது. களைத்த காலோடு இறங்கும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கோவை வெள்ளியங்கிரியில் 2024 சீசனில் மலையேறிய பக்தர்கள் சிலர் அடுத்தடுத்து உயிரிழந்ததை மறக்க வேண்டாம்.

ஓடையில் என்ன ஆபத்து?

நம்ம ஊர் ஓடை வருஷத்துல பாதி நாள் காய்ஞ்சுதான் கிடக்கும். அதனால பயம் வராது. மலை ஓடை அப்படி இல்ல. உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கும்போதே, உச்சியில் பெய்த மழை வெள்ளமாக இறங்கும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் சிக்கி பக்தர்கள் பலியானது இப்படித்தான். தண்ணீர் கலங்கினால், சத்தம் கூடினால் கடக்காதீங்க. மேட்டில் ஏறிக் காத்திருங்க.

குளிர் கொல்லுமா?

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். நனைந்த பனியனும் காற்றும் சேர்ந்தால் உடல்சூடு வேகமாக இறங்கும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில், திடீர் குளிர்மழையில் 21 வீரர்கள் இறந்தனர். அவர்களில் அனுபவசாலிகளும் உண்டு.

கிளம்பும் முன்...

* தனியா வேண்டாம். கணுக்கால் பிசகினால்கூட ஆள் கூப்பிட ஒருத்தர் வேணும்.
* முதல் தடவை நடந்தே ஏறுங்க.
* திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிட்டுப் போங்க.
* தண்ணீர், உப்புக்கரைசல், மழைக்கோட்டு, டார்ச், விசில் அவசியம்.
* இதயநோய், ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேளுங்க.
* நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி உதவி கேளுங்க. அவசர எண்கள் 108, 112. காட்டுக்குள் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது.

பாதி வழியில் திரும்பினால் தோல்வி இல்லை. மலை அங்கேயேதான் இருக்கும், அடுத்த மாசமும் ஏறலாம்.