காழியின் முத்திரையும் அதிகாரமும்

கடலூரிலும், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையிலும் ‘காழி’ என்றவுடன் மக்கள் மனத்தில் எழுவது நிக்காஹ் தஃப்தரும் கையெழுத்தும் முத்திரையுமே. நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்றழைத்த துறைமுகம் பரங்கிப்பேட்டை. (அரபு ஒலிக்கு நெருக்கமாகத் தமிழின் ழகரத்தைத் தேர்ந்தவர்களும் நம் முன்னோரே. அரசாங்கக் கடிதங்களில் மட்டும் அது ‘காஜி’.) ஆயினும் அரபு மொழியில் அச்சொல்லின் பொருள் தீர்ப்பளிப்பவர் என்பதாகும். தீர்ப்பளித்தவர் பதிவெழுதுபவராக மாறிய வரலாறு அறியத்தக்கது.

1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கும்பெனியார் கைக்குப் போயிற்று. தென்னார்க்காடும் அதனுள் அடக்கம். அடுத்த ஆண்டே வங்காளத்து முறையைப் பின்பற்றிச் சென்னை மாகாணத்தில் நீதிமன்றங்கள் நிறுவப்பட்டன. குற்றவியல் வழக்குகளில் அடிப்படைச் சட்டம் இஸ்லாமியச் சட்டமே. ஆனால் ஆசனத்தில் அமர்ந்தவர் ஆங்கிலேயர். காழியும் முஃப்தியும் பக்கத்தில் நின்று ஃபத்வா வழங்கும் சட்ட அலுவலர்கள். தீர்ப்பு ஒருவருடையது, கல்வி மற்றொருவருடையது! அக்கல்வியின் தேவையும் நாளடைவில் குறைந்தது. 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரவே அறவே அற்றது. 1864ஆம் ஆண்டின் 11ஆவது சட்டம் இந்தச் சட்ட அலுவலர் பதவிகளை ஒழித்தது. காழிகளை அரசு நியமிப்பது உசிதமன்று என்றும் கூறிவிட்டது.

பதினாறு ஆண்டுகளில் அரசு தன் சொல்லை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அரசு நியமித்த காழி திருமணத்தில் இருத்தல் வேண்டும் என்பது இந்தியாவின் சில பகுதி முஸ்லிம்களின் வழக்கம். அதனைக் கருதி, ஸர் ஸையித் அஹ்மத் கான் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா 1880இல் காஜிகள் சட்டமாயிற்று. முதற்கண் அது சென்னை மாகாணத்திற்கே உரியதாய் இருந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். ஒரு வட்டாரத்து முஸ்லிம்களில் கணிசமானோர் விரும்பினால், அங்குள்ள முக்கியஸ்தர்களைக் கலந்து அரசு காழியை நியமிக்கலாம். ஆனால் நான்காம் பிரிவு வேறொன்று கூறுகிறது: இச்சட்டத்தால் காழிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது, திருமணத்திற்கு அவர் வருகை கட்டாயமுமன்று. ஒரு கையால் முத்திரையைக் கொடுத்து, மறு கையால் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

முஸ்லிமல்லாதார் ஆளும் நாட்டில் முஸ்லிம்கள் மனமொப்பி ஏற்றுக்கொண்டவர் காழியாவார் என்று ஹனஃபீ நூலோர் எழுதியுள்ளனர். டமாஸ்கஸ் நகரத்து இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களும் இதனைப் பேசுகிறார்கள். மக்களின் விருப்பத்தைக் கேட்ட அளவில் 1880ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வெகு தூரத்திலில்லை. ஆனால் மக்கள் ஒப்புவது தீர்ப்பளிக்கும் ஒருவரையன்றோ? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீஃபா மன்ஸூர் அளித்த காழிப் பதவியை மறுத்தார்கள். சுமை அத்தகையது. சுமையே இல்லாத பதவியை மறுப்பார் யார்?

இதன் விளைவைச் சுமந்தவர்கள் பெண்கள். கணவன் காணாமற் போனாலும், சோறு போடாது கைவிட்டாலும் மணத்தை முறிக்கும் ‘ஃபஸ்கு’ காழியின் அதிகாரத்தைச் சார்ந்தது. காழிக்கோ அதிகாரமில்லை. கப்பலேறிச் சென்றவன் திரும்பாத வீடுகள் நம் கடற்கரையில் உண்டு. அப்பெண் எவரிடம் முறையிடுவாள்? வடநாட்டில் வேறு வழியின்றி மார்க்கத்தைவிட்டே வெளியேறிய பெண்களும் இருந்தனர். அந்நிலை கண்டே மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள் மாலிகீ மத்ஹபின் சலுகைகளை எடுத்துரைத்து ‘அல்ஹீலத்துந் நாஜிஸா’வை எழுதினார்கள். 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. நான்கு ஆண்டுகள் கணவனைப் பற்றிய செய்தி இல்லையெனினும், இரண்டு ஆண்டுகள் அவன் பராமரிக்கவில்லையெனினும் மனைவி நீதிமன்றம் செல்லலாம். முஸ்லிம் நீதிபதியே இவ்வழக்குகளைக் கேட்கவேண்டும் என்று காஜ்மீ அவர்களின் மசோதாவில் இருந்த பிரிவு நீக்கப்பட்டது. உலமாக்களுக்கு வருத்தந்தான். எனினும் பல்லாண்டுகள் அடைபட்டிருந்த வாயில் திறந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

ஆண்கள் பக்கத்துக் கதை வேறு. தலாக் சொன்னதாக ஒருவர் தெரிவிக்க, காழி அதற்குச் சான்றிதழ் தர, அத்தாளே விவாகரத்துத் தீர்ப்பைப் போல் நீதிமன்றங்களில் நீட்டப்பட்டது. தலாக் தக்க காரணத்தோடும், முன்னதாகச் சமரச முயற்சியோடும் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய பின்னரும் இது தொடர்ந்தது. வழக்குரைஞர் பதர் சயீத் அவர்கள் 2013இல் தொடுத்த வழக்கில், 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், காழியின் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே, சட்டப்படி செல்லும் ஆவணமன்று என்று கூறியது. நம் சட்டத்தில் கைவைத்துவிட்டார்கள் என்று சிலர் பதறினர். 137 ஆண்டுகளாக ஏட்டில் இருந்த நான்காம் பிரிவைப் படித்தவர் பதறியிரார்.

அதிகாரமில்லாத காழியிடம் இன்றும் எஞ்சியிருப்பது தஃப்தர் ஒன்றே. மஹர் எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்ததா கடனா, சாட்சிகள் எவர், தலாக் எனில் எந்நாளில், மனைவிக்கு எவ்வாறு தெரிவிக்கப்பட்டது, இரு வீட்டாரையும் அமர்த்திப் பேசியது யார் என்பன அதில் ஒழுங்காக இருந்தால், வழக்கு எழும் நாளில் கடலூர் நீதிமன்றத்தில் நீதிபதி முதலில் கேட்கும் கேள்விகளுக்கு அதுவே விடை தரும். ஒரு பக்கம் கூறியதை மட்டும் கேட்டு எழுதிய பதிவாயின், முத்திரை எத்துணைப் பெரிதாக இருந்தும் மனைவியின் வழக்குரைஞர் கேட்கும் முதற் கேள்விக்கே அதனிடம் விடையிராது.