2,000 கெஜமும் 800 மீட்டரும்

என்.சி.சி.யில் 303 ரைபிள் பிடித்தவர்கள் நம் புதுச்சத்திரம் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறோம். அதன் பின் சைட்டில் 2,000 கெஜம் வரை அளவு பொறித்திருக்கும். 1910-இல் வந்த 'மார்க் 7' தோட்டாவின் கூர்முனைக் குண்டு 174 கிரெய்ன், அதாவது சுமார் 11 கிராம். முந்தைய மொட்டைமுனைக் குண்டு 215 கிரெய்ன். எடை குறைந்ததால் வேகம் கூடியது, வழியில் இறங்குவதும் குறைந்தது.

ஆனால் 2,000 கெஜத்தில் நிற்கும் தனி ஆள் கண்ணுக்கே சரியாகத் தெரியமாட்டான். அந்த அளவு, ஒரு படையே சேர்ந்து தூரத்துப் படையை நோக்கிச் சுடுவதற்கு.

1962 சீனப் போருக்குப் பின், இஷாப்பூர் தொழிற்சாலை அதே ரைபிளை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றியது. 1965-இல் வந்த 2ஏ1 ரகத்தில் அளவு 800 மீட்டரோடு நின்றது. தோட்டாவின் பலம் குறைந்ததால் அல்ல. சுடுபவனின் கண்ணுக்கு எட்டும் தூரத்தை ஒப்புக்கொண்டதால் என்றே நினைக்கிறேன்.