திருமேனியும் நிழலிடும் பென்சிலும்: தாமிரபரணிப் பகுதியில் உருவவரைவுக் கல்வி

ஆழ்வார்திருநகரியில் வழங்கும் மரபுக்கதை ஒன்று உருவவரைவின் வரலாற்றை எழுதுவோர் கருத்தில் கொள்ளத்தக்கது. மதுரகவியாழ்வார் தாமிரபரணி நீரைக் காய்ச்சியபோது நம்மாழ்வாரின் திருமேனிக்கு முன்னதாக வேறொரு திருமேனி தோன்றியது என்றும், அது பின்னாளில் பிறக்கவிருந்த இராமானுசருடையது என்றும் வைணவர் கூறுவர். 'பவிஷ்யதாசார்யர்' என்னும் பெயரால் அவ்வுருவம் இன்றும் அவ்வூரில் வழிபடப்பெறுகிறது. இதனோடு ஸ்ரீபெரும்புதூரின் 'தானுகந்த திருமேனி'யை வைத்துப் பார்க்கலாம். அது இராமானுசர் வாழ்ந்த காலத்திலேயே அமைக்கப்பெற்று அவரால் தழுவி ஏற்கப்பட்டது என்பர். ஓரிடத்தில் ஆள் பிறக்குமுன் உருவம் வந்துவிடுகிறது. மற்றோரிடத்தில் உருவத்திற்கு உரியவரே அதற்கு இசைவு தருகிறார். இரண்டிலும் ஒப்புமைக்குச் சான்று மரபும் இசைவுமே. எதிரில் அமர்ந்து அளந்து பார்க்கும் கண் அன்று.

பள்ளி ஓவிய வகுப்பில் பென்சிலைக் கொண்டு முகம் வரையக் கற்கும் மாணவன் நுழைவது இதற்கு முற்றிலும் வேறான ஓர் ஒழுங்கினுள். அங்கு ஒளி ஒரு திசையிலிருந்து மட்டுமே விழவேண்டும். மூக்கின் ஒருபுறம் வெளிச்சம், மறுபுறம் இருள், இடையில் படிப்படியாக மாறும் சாம்பல் நிறம் என்னும் இம்முறை கோடுகளின் எல்லையைக் கரைத்துவிடுகிறது. தமிழ் மரபில் வண்ணமற்ற வரைவு இல்லாமலில்லை. நெடுநல்வாடையிலும் மணிமேகலையிலும் பயிலும் 'புனையா ஓவியம்' என்னும் வழக்கு வண்ணம் தீட்டப்பெறாத கோட்டோவியத்தையே குறிக்கிறது. பென்சில் ஓவியத்தை அதன் நேரடி வாரிசாகக் காட்டும் போக்கு சிலரிடம் காணப்படினும் அது பொருந்துமாறில்லை. புனையா ஓவியத்திற்குக் கோடு உயிர். நிழலிடுதலிலோ கோடு மறையவேண்டிய ஒன்று.

இம்முறை தமிழகத்தில் வேரூன்றியதற்கு 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி முதன்மைக் காரணம். இங்கிலாந்தின் சவுத் கென்சிங்டன் பாடமுறையில் முதலில் கோட்டு வரைவு, அடுத்து அச்சுப் படங்களைப் பார்த்து நிழலிடல், பின்னரே சுதை வார்ப்புகளைப் பார்த்து நிழலிடல் என்று படிநிலை இருந்தது. உயிருள்ள மனித உருவம் பிந்தியே வந்தது. தொழிற்கலைஞரை உருவாக்குவதே நோக்கமாதலின், முகத்தைவிடப் பூவேலையும் பாத்திரமும் முன்னின்றன. சென்னை மாகாணத்தின் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் இடம்பெற்ற 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்', 'மாடல் டிராயிங்' ஆகிய தாள்களில் இதன் எச்சத்தைக் காணலாம். லோயர், ஹையர் எனும் இத்தேர்வுகளில் தேறியவரே மாவட்டப் பள்ளிகளில் 'டிராயிங் மாஸ்டர்' ஆயினர். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைப் பள்ளியின் பொறுப்பேற்ற பிறகே உருவவரைவும் உருவச்சிலையும் அங்கு உரிய இடம் பெற்றன எனலாம்.

தென்பாண்டிப் பகுதியில் முகம் வரையும் கல்வி செழித்தது வகுப்பறையில் அன்று. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898–1976) நடத்திய தேவி ஆர்ட் ஸ்டூடியோவே அதற்குக் களமாயிற்று. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், இரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கி, பின் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி, 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் உள்ளிட்ட மாணவர்கள் அவருடன் இருந்தே கற்றனர். பள்ளியின் பாடத்திட்டமும் குருகுலத்தின் வாழ்முறையும் அங்கு ஒன்றுகலந்தன.

புகைப்பட நிலையத்திற்கும் பென்சிலுக்கும் உள்ள உறவு இங்கு விளக்கத்திற்குரியது. அக்கால நிலையங்களில் நெகட்டிவின் மீது கூர்மையான பென்சிலால் 'டச்சிங்' செய்வது வழக்கம். நெகட்டிவில் இடும் கருமை அச்சில் வெளிச்சமாகும்; ஆகவே அம்மைத் தழும்பையும் கண்ணடிச் சுருக்கத்தையும் நீக்க, நிழலை எதிர்மறையாகவே சிந்திக்கவேண்டும். வகுப்பறையில் கற்ற நிழலிடலைத் தலைகீழாக்கிய இப்பயிற்சி கைக்குக் கடுமையான கட்டுப்பாட்டைத் தந்தது. சிறு படத்தின்மேல் கட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்கி வரையும் முறையும் அக்காலத்தே பரவலாக வழங்கியது. சிவகாசியில் அச்சான நாள்காட்டிகளின் முருகனும் இலக்குமியும் ஒளிபட்ட கன்னங்களோடு காட்சியளிப்பதற்குப் பின்னணியில் இத்தகைய முகப்படப் பயிற்சி நிற்கிறது. ஆழ்வார்திருநகரியில் திருமேனியாக மட்டும் இருந்த ஒப்புமை, நாள்காட்டியில் ஒரே திசை ஒளியின்கீழ் வந்து வீட்டுச் சுவரேறிற்று. இதனை வெறும் மேனாட்டுத் தாக்கம் என ஒதுக்குவது எளிது. ஆயினும் அப்படத்தின்முன் விளக்கேற்றியோர் அதைத் திருமேனியாகவே கொண்டனர் என்பதை அவ்வொதுக்கல் விளக்காது.

பள்ளிகளின் நிலை வேறு. 2012இல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி முதலியவற்றிற்காக 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் நியமித்தது. தொடக்கத்தில் மாத ஊதியம் 5,000 ரூபாய்; பணி வாரத்திற்கு மூன்று அரைநாள்கள். முகமொன்றின் எலும்பமைப்பை உணர்ந்து நிழலிட்டு முடிக்கப் பல அமர்வுகள் தேவைப்படும். அந்த மூன்று அரைநாள்களைப் பல வகுப்புகள் பகிர்ந்துகொள்ளும்போது, மாணவன் கோட்டு வரைவோடு நின்றுவிடுகிறான்.