துண்டு முதல் நேர்முகப் பரீட்சை வரை

வேலை தேடி வருபவரை எதிரில் அமர்த்திக் கேள்வி கேட்பது இக்கால வழக்கம். நேர்முகப் பரீட்சை என்பது அதன் பெயர். கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனங்களின் வாசலில் இன்று ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் சென்ற இளைஞரும் யுவதியரும் காத்திருக்கின்றனர். சிக்கல் ஒன்றைக் கொடுத்து, அதைத் தீர்க்கும் நிரலை எழுதுமாறு அவர்களிடம் சொல்கின்றனர். எழுதிய நிரல் எங்கே பிழைபடும், எங்கே தாமதிக்கும் என்று துருவிக் கேட்கின்றனர். இக்காட்சியின் முழுப் பொருளையும் உணர வேண்டுமாயின், இவர்களுடைய முன்னோர் எவ்வாறு வேலைக்கு எடுக்கப்பட்டனர் என்பதை நாம் அறிதல் அவசியம்.

அம்முன்னோரிடம் எவரும் எக்கேள்வியும் கேட்டதில்லை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களைத் திரட்டத் தமிழகத்துக் கிராமங்களுக்குக் கங்காணி சென்றான். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் அவனுக்கு முன்பே அங்கு சென்று வேலையை எளிதாக்கியிருந்தன. அவன் கொடுத்த முன்பணமே தொழிலாளியின் முதற்கடன். 1904இல் திருச்சியில் தோட்ட முதலாளிகளின் ஆட்சேர்ப்பு நிலையம் ஏற்பட்டது. மண்டபம் முகாமில் வைத்தியர் உடலைச் சோதித்தார். சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரவில்லை மனிதனுக்கு அடையாளமாயிற்று. சோதிக்கப்பட்டது உடல்; அறிவைப் பற்றிய அக்கறை அங்கு யாருக்கும் இருக்கவில்லை.

தோட்டம் விட்டுத் தோட்டம் மாற விரும்பியவனின் நிலை இன்னும் கொடிது. ‘துண்டு’ என்றொரு கடதாசி உண்டு. இன்ன தொகை கட்டினால் இக்கங்காணியின் ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதித் தருவது அது. கங்காணி அதை எடுத்துச் சென்று வேறு துரையிடம் பேரம் பேசுவான். புதிய துரை பழைய கடனை அடைப்பார். தொழிலாளியின் கணக்கில் கடன் மேலும் ஏறும். விண்ணப்பித்தவன் கங்காணி, பதில் தந்தவர் துரை. உழைக்கப் போகிறவனோ வாசலில் நின்றான். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. எனினும், பிரட்டுக்களத்தில் பேர் விழுவதும் விழாததும் நெடுங்காலம் மேலேயிருந்தவர் தயவாகவே இருந்தது.

கேள்வி கேட்கும் காலமும் வந்தது. ஆனால் அக்கேள்வி திறமையைப் பற்றியதன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் குவிந்தன. இத்தனை ஆண்டுகள் இங்கு இடையறாது வாழ்ந்தாய் என்பதற்குச் சாட்சி எங்கே என்று, காகிதமே கையிற் கொடுக்கப்படாத மக்களிடம் கேட்கப்பட்டது. ஆறில் ஒருவர்க்கே அன்று உரிமை கிட்டியது. பிரஜையல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகத்தின் வாசல் அடைபட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அப்போதும் அம்மக்களை எவரும் கேட்கவில்லை. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

ஆகவே, நிரல் எழுது என்னும் இன்றைய கேள்வியை நாம் இழிவாகக் கருத வேண்டியதில்லை. பாட்டன் எங்கு பிறந்தான், எவ்வளவு கடன் வைத்திருந்தான் என்று அது வினவுவதில்லை. அந்த அளவில் அது முன்னேற்றமே. ஆயினும் அக்கேள்வியை அடைவதற்கு முன்பே பலர் நிறுத்தப்பட்டு விடுகின்றனர். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர வகுப்புக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிப்பவை மிகச் சில. நேர்முகப் பரீட்சையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. விடை தெரிந்தவனும் மொழி தடுக்கி மௌனமாகிறான். மௌனம் அறியாமையாகக் கணிக்கப்படுகிறது.

இவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயரே முகவரி. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தில் மொத்தமாக இறங்குகின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த துயரத்தை மலையகத்தார் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். மென்பொருள் நிறுவனம் மின்னஞ்சலில் அழைக்கலாம். தபாலில் வரும் அரசாங்க அழைப்புக்கும் வங்கிக் கடிதத்துக்கும் பரீட்சை அனுமதிச் சீட்டுக்கும் அவ்வழி உதவாது. அன்று துண்டு துரையின் கையில் இருந்தது. இன்று கடிதம் தோட்டத்தின் மேசையில் கிடக்கிறது.

வீதிக்குப் பெயரும், வீட்டுக்கு இலக்கமும், வாசலுக்கே வரும் தபாற்காரரும் வேண்டுமென்பது சலுகைக் கோரிக்கையன்று. கணித, விஞ்ஞான ஆசிரியர் வேண்டுமென்பதும் அத்தகையதே. ஆசிரியத் தோழர்கள் தம் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளின் முகவரிகளை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்கட்டும். ஒரே வரி எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணட்டும். அந்தப் பட்டியலோடு பிரதேச சபையின் வாயிலுக்கும் தபாலதிபரிடமும் செல்வது நம் முதல் வேலையாகலாம்.