முழங்கால் தேய்மானம்: ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு திரும்ப வளருமா?

"ஆபரேஷனே வேண்டாமாம். ஒரே ஊசியில தேஞ்ச மூட்டு திரும்ப வளர்ந்துடுமாம்." மூட்டு வலியோடு படியேறும் அம்மாவோ அப்பாவோ இப்படி ஒரு விளம்பரத்தை உங்களுக்கு ஃபார்வர்டு செய்திருக்கலாம். அதில் எவ்வளவு உண்மை?

குருத்தெலும்பு ஏன் தானாக ஆறுவதில்லை?

எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். ஆனால் மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. அதனால் பழுதுபார்க்கும் செல்கள் அங்கே போய்ச் சேர்வதில்லை. சேதமான குருத்தெலும்பு ஆறுவதில்லை என்பதை வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் லண்டனில் 1743-லேயே பதிவு செய்திருக்கிறார்.

அதற்கு நரம்புகளும் கிடையாது. மூட்டு வலி வருவது சுற்றியிருக்கும் சவ்விலிருந்தும் அடியிலுள்ள எலும்பிலிருந்தும்தான். ஆகவே வலி குறைந்தது என்பதற்காகக் குருத்தெலும்பு வளர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

ஸ்டெம் செல் என்ன செய்கிறது?

எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் குருத்தெலும்பு செல்லாக மாற்ற முடியும். மூட்டுக்குள் ஊசியாகப் போடும்போது நடப்பது வேறு. அந்த செல்கள் அங்கேயே தங்கித் திசுவாக வளர்வதைவிட, வீக்கத்தைக் குறைக்கும் புரதங்களைச் சுரப்பதே முக்கியப் பலன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன?

இந்தியாவில் பெங்களூரு நிறுவனமான ஸ்டெம்பியூட்டிக்ஸின் 'ஸ்டெம்பியூசெல்' ஊசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. 146 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டப் பரிசோதனையில், ஓராண்டில் வலியும் இறுக்கமும் குறைந்தன. எம்ஆர்ஐ ஸ்கேனில் தேய்மானம் மோசமாகவில்லை. ஆனால் குருத்தெலும்பின் அளவு கூடவும் இல்லை.

அமெரிக்காவில் 475 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியானது. மூன்று வகை செல் சிகிச்சைகளை வழக்கமான ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை.

தென் கொரியா 2012-ல் அனுமதித்த 'கார்டிஸ்டெம்' வேறு ரகம். இது வெறும் ஊசி இல்லை. அறுவை சிகிச்சை செய்து, சேதமான இடத்திலேயே தொப்புள்கொடி ரத்த ஸ்டெம் செல்களை வைக்கிறார்கள்.

பணம் கட்டும் முன் என்ன கேட்கலாம்?

* இந்த மருந்தின் பெயர் என்ன? மூட்டுத் தேய்மானத்துக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இருக்கிறதா?

* "இது ஆராய்ச்சி" என்று சொன்னால், கிளினிக்கல் டிரையல் பதிவேட்டு எண் என்ன? ஐசிஎம்ஆர் வழிகாட்டுதலின்படி, அனுமதி பெறாத ஸ்டெம் செல் சிகிச்சையைப் பதிவு செய்த ஆய்வில் மட்டுமே தரலாம். அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

* எக்ஸ்ரே எந்த கிரேடு? ஸ்டெம்பியூசெல் பரிசோதிக்கப்பட்டது 2, 3 கிரேடு தேய்மானத்தில்தான். எலும்போடு எலும்பு உரசும் 4-ம் கிரேடுக்கு அந்த முடிவுகளைக் காட்டி நம்பிக்கை தர முடியாது.

* "வலி குறையுமா, இல்லை குருத்தெலும்பு வளருமா?" இரண்டாவதற்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், ஆதாரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

எடையைக் குறைப்பதும் தொடைத் தசையை வலுவாக்கும் உடற்பயிற்சியும் மூட்டு வலியைக் குறைக்கும் என்பது ஏற்கெனவே நிரூபணமானது. லட்சங்களில் செலவு செய்யும் முன், அம்மாவை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் அழைத்துப் போங்கள்.