மறைந்த ரயில்களின் நிறங்கள்

அமெரிக்காவில் சரக்கு ரயில்களை ஓட்டுபவை தனியார் கம்பெனிகள். ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி சின்னம். சதர்ன் பசிபிக் என்றால் சாம்பல் நிற உடம்பு, சிவப்பு மூக்கு. சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் என்றால் பச்சையும் மஞ்சளும். ரியோ கிராண்டே என்றால் கறுப்பின் மேல் ஆரஞ்சு எழுத்து. தண்டவாளம் ஓரம் வளர்ந்த சிறுவனுக்கு அந்த நிறம்தான் சொந்த ஊர்!

இந்த நிறங்களை மாடல் ரயிலில் கொண்டுவருவது அங்கே பெரிய பொழுதுபோக்கு. அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவு என்பது நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. 21 மீட்டர் நீளமுள்ள எஸ்டி40-2 டீசல் எஞ்சின் இதில் 24 செ.மீ. ஆகிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், மாடல் தயாரிப்பாளர்கள் நன்றாக விற்கும் பெரிய கம்பெனிகளின் நிறத்தையே அதிகம் வெளியிட்டார்கள். 1980ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டத்துக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் லாபம் குறைந்த பாதைகளை விற்றன. அப்படிப் பிறந்த வட்டார ரயில்வேக்களில் ஒன்று, 1987ல் தொடங்கிய விஸ்கான்சின் சென்ட்ரல். மெரூன், மஞ்சள் அதன் நிறங்கள். பழைய எஞ்சின்களை வாங்கி ஓட்டிய கம்பெனி அது. பர்லிங்டன் நார்தர்னின் பச்சை நிறத்திலேயே, பழைய பெயரை மட்டும் மறைத்துவிட்டு பல எஞ்சின்கள் ஓடின. ரசிகர்களுக்கு அந்த ஒட்டுப்போட்ட எஞ்சின்தான் இன்னும் பிடிக்கும்.

ஆகவே தானே பெயிண்ட் அடிப்பதுதான் வழி. கடையில் வாங்கிய மாடலின் மேல்கூட்டைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பெயிண்ட் உரியும். பிறகு பிரைமர். அதன்மேல் வெளிர் நிறம் முதலில்: மஞ்சள் அடித்து, காய்ந்ததும் டேப் ஒட்டி, மெரூன் அடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மஞ்சளுக்கு அடியில் மெரூன் தெரியும்.

அடுத்ததுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை, டெக்கால். எழுத்தும் சின்னமும் மெல்லிய படலத்தில் அச்சாகி, பசை தடவிய காகிதத்தின் மேல் இருக்கும். தண்ணீரில் நனைத்தால் பசை இளகும். படலத்தை மெதுவாக நகர்த்தி எஞ்சினின் மேல் வைக்கலாம். அதற்கு முன்பே பளபளப்பான வார்னிஷ் அடித்திருக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் வைத்தால் அடியில் காற்று சிக்கி, வெள்ளியாய் மின்னி, ஒட்டியது என்று காட்டிக்கொடுத்துவிடும். மைக்ரோ சால் என்ற திரவத்தைத் தடவினால் படலம் மெத்தென்றாகி ஆணித்தலைகளின் மேல்கூட படிந்துவிடும். அப்போது விரலால் தொட்டால் போச்சு! கடைசியில் மங்கலான வார்னிஷ்.

இந்தச் சின்னங்கள் யாருடையவை? யூனியன் பசிபிக் 1982ல் மிசௌரி பசிபிக், வெஸ்டர்ன் பசிபிக் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. 1988ல் கேட்டி, 1995ல் சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன், 1996ல் சதர்ன் பசிபிக். ரியோ கிராண்டே ஏற்கெனவே சதர்ன் பசிபிக்கோடு சேர்ந்திருந்தது. விழுங்கிய கம்பெனிகளின் பெயர்களும் சின்னங்களும் தன் சொத்து, மாடல் செய்பவர்கள் உரிமத் தொகை தரவேண்டும் என்றது யூனியன் பசிபிக். 2004ல் ஏதர்ன், லயனல் நிறுவனங்கள் மீது வழக்கே தொடுத்தது. சட்டப்படி அதன் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர்களை எஞ்சின்களிலிருந்து அழித்துக்கொண்டிருந்ததும் அதே கம்பெனிதான். அவற்றை நினைவில் வைத்திருந்தவர்கள் இந்த பெயிண்ட் டப்பாக்காரர்கள். ரசிகர்கள் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை.

2006ல் எம்.டி.எச். என்ற மாடல் நிறுவனத்துடன் சமரசம் ஏற்பட்டு, மாடல்களுக்கான தொகையை யூனியன் பசிபிக் கைவிட்டது. இதற்கிடையே 2005, 2006ல் அது இன்னொன்றும் செய்தது. ஆறு புதிய எஸ்டி70ஏசிஇ எஞ்சின்களுக்கு, மறைந்த அந்த ஆறு கம்பெனிகளின் நிறங்களைப் பூசி ஓடவிட்டது. சதர்ன் பசிபிக் எஞ்சினுக்கு எண் 1996, சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்னுக்கு 1995. அந்த எஞ்சின்களும் பிறகு மாடல்களாக வந்தன. வெளியிட்டவர்களில் ஏதர்னும் உண்டு.